மொட்டமாடில ஈழத்தலரி: வேலூர் வெயில்ல வளக்கறவங்க கேக்கற கேள்விங்க

காட்பாடில எங்க வீட்டு மொட்டமாடில இப்ப 17 தொட்டி இருக்குது, எல்லாமே ஈழத்தலரிதான், நர்சரில ப்ளூமேரியான்னு சொல்லி விக்கறாங்களே அது. தெருவுல போறவங்க, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க, ஆற்காட்டுல இருக்கற எங்க சொந்தக்காரங்கன்னு ஆளாளுக்கு போன் போட்டு கேக்கறாங்க, ஒரே பதில திரும்பத் திரும்ப சொல்லிக்கினு இருக்கறதுக்கு எழுதி வெச்சிட்டா அனுப்பி விட்டுடலாம்ல, அதான் இது. நான் விவசாயம் படிச்சவ கெடையாது. ஏழு வருஷமா வளக்கறேன், இதுல பாதி செடிய சாவடிச்சு கத்துக்கினதுதான்.

இதுக்கு தமிழ்ல இன்னாதான் பேரு? அரளியும் இதுவும் ஒண்ணா?

ஈழத்தலரி, பெருங்கள்ளி, கள்ளி மந்தாரைன்னு எடத்துக்கு ஒரு பேர் இருக்குது. வடக்கத்திக்காரங்க சம்பான்னு சொல்றாங்க, ஆனா நம்ம செண்பகம் வேற மரம், அத இதோட கொழப்பிக்காதீங்க. அரளிக்கும் இதுக்கும் குடும்பம் ஒண்ணுதான், ஆனா செடி வேற. வேலிலயும் ஹைவே நடுவுலயும் வெச்சிருக்கற செவப்பு அரளி, மஞ்சப் பூ பூக்கற பொன்னரளி, இது ரெண்டும் உசுருக்கே ஆபத்தான விஷம். ஈழத்தலரி அந்த அளவுக்கு கெடையாது, பால் பட்டா அரிக்கும், வாயில வெச்சா வயித்தக் கலக்கும், அவ்ளோதான். பேர்ல அலரின்னு இருக்கறதால பயந்து வெட்டிப் போட்டவங்கள எனக்குத் தெரியும்.

ஈழத்துல இருந்து வந்த அலரின்னு பேரு சொன்னாலும் சொந்த ஊர் அங்கயும் இல்ல, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுங்க. ப்ளூமியேன்னு ஒரு பிரெஞ்சு சாமியார், 1704ல செத்துட்டாரு, செடி கொடி ஆராய்ச்சிக்காக அந்தத் தீவுங்களுக்கெல்லாம் போய் வந்தவரு, அவர் பேரத்தான் இதுக்கு வெச்சாங்க. லாவோஸ் நாட்டுக்கும் நிகரகுவாவுக்கும் இதுதான் தேசியப் பூ. நான் சின்ன வயசுல இது நம்ம கோயில் மரம், ராஜா காலத்துல இருந்து இங்கயே இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கப்பல் ஏறி வந்ததுதான், நம்ம மல்லாட்ட மாதிரி. மணிலாக்கொட்டைதான் நம்ம வாயில மல்லாட்ட ஆச்சு, அதுக்கும் சொந்த ஊர் தென் அமெரிக்கா, இப்ப வட ஆற்காட்டுக்காரனப் போய் மல்லாட்ட உன்னுது இல்லன்னு சொல்லிப் பாருங்க.

சுடுகாட்டுல இருக்கற மரத்த வீட்டுல வெக்கலாமா?

இத கேக்காத ஆளே இல்ல. எங்க அம்மாவே மொத தொட்டிய பாத்துட்டு, "ஏம்மா, பொணம் பொதைக்கற எடத்துல இக்கிற மரத்த கொண்ணாந்து தலமாட்டுல வெச்சிக்கினு கீற"ன்னு ரெண்டு நாள் எங்கூட பேசல. கல்லறைத் தோட்டத்துல, தர்காவுல, பழைய கோயில் மதில் ஓரத்துலல்லாம் இது ஏன் இருக்குதுன்னு யோசிங்க. ஒரு கிளைய ஒடிச்சு நட்டா வரும், யாரும் தண்ணி ஊத்தத் தேவயில்ல, பால் இருக்கறதால ஆடு மாடு வாய் வெக்காது, பூ தானா கொட்டி தரையெல்லாம் ரொம்பிடும். ஆள் இல்லாத எடத்துக்கு இத விட நல்ல மரம் எது. அதே காரணத்துக்குத்தான் நம்ம மொட்டமாடிக்கும் இது சரியா வருது. உங்க மனசு ஒப்பலன்னா வெக்காதீங்க, அதுல நான் வாதாட மாட்டேன். எங்க அம்மா இப்ப வந்தா காலைல மொத வேலையா கீழ விழுந்த பூவ பொறுக்கி உருளில தண்ணி விட்டு மெதக்க விடறாங்க, பேச்சே இல்ல.

எந்த வகை வாங்கறது?

மூணு தெரிஞ்சா போதும். ஒண்ணு ரூப்ரா, எல கூர்மையா நீளமா இருக்கும், ரோஸ், செவப்பு, மஞ்ச, கலப்புன்னு கலர் கலரா பூக்கறது எல்லாம் பெரும்பாலும் இதுதான், வாசனையும் இதுல நல்லா இருக்கும், குளுர் காலத்துல எல மொத்தமா கொட்டிடும். ரெண்டாவது ஆப்டூசா, எல நுனி மழுங்கி பளபளன்னு கரும்பச்சையா இருக்கும், வெள்ளப் பூ நடுவுல மஞ்ச, எல அவ்ளோ சீக்கிரம் கொட்டாது, அதனால வாசல் அழகுக்கு இது நல்லது. மூணாவது புடிகா, எல பாம்பு படம் எடுத்தாப்புல இருக்கும், வெள்ளையா கொத்துக் கொத்தா வருஷம் பூரா பூத்துக்கினே இருக்கும், ஆனா வாசனை இல்ல. ஹோட்டல் வாசல்ல, அபார்ட்மென்ட் காம்பவுண்டுல வரிசையா வெக்கறாங்களே அது பெரும்பாலும் இந்த புடிகாதான்.

மொத தடவையா வளக்கறீங்கன்னா வெள்ள ரூப்ராவோ இல்ல புடிகாவோ வாங்குங்க, செத்தாலும் மனசு அவ்ளோ வலிக்காது. கருஞ்செவப்பு, தாய்லாந்து கலர்னு சொல்லி ஒட்டுக் கட்டி விக்கறத வாங்கினா, பூ இருக்கும்போதே பாத்து வாங்குங்க. நான் ஒரு நர்சரில படத்த பாத்து செவப்புன்னு 650 ரூபா குடுத்து வாங்கியாந்தேன், ரெண்டு வருஷம் காத்துக்கினு இருந்து பாத்தா எங்க தெருமுனைல சும்மா கெடக்கற அதே வெள்ளப் பூ. அப்புறந்தான் வெளங்கிச்சு, ஒட்டு செத்துப் போயி அடிச்செடில இருந்து தழைச்ச கிளைய நான் உயிரா வளத்துருக்கேன். ஒட்டுக் கட்டின எடத்துல ஒரு கணு தடிச்ச மாதிரி தெரியும், அதுக்குக் கீழ தழைக்கற எந்தத் தளிரயும் கையாலயே கிள்ளிப் போட்டுடுங்க.

நம்ம கத்திரி வெயில தாங்குமா?

தாங்கும். தாங்கறது மட்டுமில்ல, அதுக்கு வேண்டியதே அதுதான். மே மாசம் 40 டிகிரியத் தாண்டி, மலைப் பாறையெல்லாம் சூடேறி ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கும்போது மத்த செடியெல்லாம் தொங்கிடும், இது அப்பதான் கொத்து கொத்தா பூக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். பால்கனில ரெண்டு மணி நேர வெயில் வருது போதுமான்னு கேட்டீங்கன்னா, செடி உசுரோட இருக்கும், பூக்காது, நெட்டுக்குத்தா ஒட்டடக் குச்சி மாதிரி வளரும்.

ஆனா ரெண்டு விஷயத்துல ஜாக்கிரத. நர்சரில பச்ச வலைக்குக் கீழ இருந்த செடிய கொண்டாந்து அன்னிக்கே மாடி வெயில்ல வெச்சா எல வெளுத்துக் கருகிடும், தண்டுல கூட மேற்குப் பக்கம் வெந்து போன மாதிரி ஆயிடும், அதனால பத்து நாள் காலை வெயில் மட்டும் படற மாதிரி வெச்சு அப்புறம் மாத்துங்க. இன்னொண்ணு, கறுப்பு குரோ பேக்க நேரா மாடித் தளத்து மேல வெக்காதீங்க. வெயிலு மேல இருந்து சுட்டா செடி தாங்கிக்கும், தளம் கீழ இருந்து சுட்டா வேர் வெந்துடும். ரெண்டு செங்கல் போட்டு அதுமேல வெச்சா காத்தும் போகும், ஓட்டையும் அடைக்காது. மண் தொட்டி இருந்தா இன்னும் நல்லது, சீக்கிரம் காஞ்சிடும், அது இந்தச் செடிக்கு நல்லதுதான்.

மண் எப்பிடி கலக்கறது?

தண்ணி ஊத்தினா பத்து எண்றதுக்குள்ள கீழ ஓட்டைல சொட்டணும், அதான் கணக்கு. நான் கலக்கறது ரெண்டு பங்கு செம்மண்ணு, ரெண்டு பங்கு கரடான மணல் இல்லன்னா பேபி ஜல்லி, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. எம் சாண்ட் போடறவங்க சலிச்சு மாவு மாதிரி இருக்கறத கொட்டிட்டு மேல நிக்கற பருக்கைய மட்டும் போடுங்க, இல்லன்னா அது தண்ணி பட்டு காஞ்சு சிமென்ட் மாதிரி இறுகிக்கும், எனக்கு ஒரு தொட்டிய ஒடச்சுதான் செடிய எடுக்க வேண்டி இருந்துச்சு. வீட்டு வேலை நடந்த எடத்துல ஒடஞ்ச செங்கல் கெடந்தா சுண்டக்கா சைஸுக்கு ஒடச்சு போடலாம். கோகோபீட் வேண்டாம்னே சொல்லுவேன், ரோஜாவுக்கு நல்லது, இதுக்கு ஈரத்த புடிச்சு வெச்சுக்கினு அழுக வெக்கும். ஏரிக் களிமண்ண கிட்டயே சேக்காதீங்க.

20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல அடில அஞ்சாறு ஓட்டையும் பக்கவாட்டுல ரெண்டு ஓட்டையும் போட்டா ஒரு செடிக்கு நாலு வருஷம் ஓடும்.

குச்சிய எப்பிடி நடறது? நான் நட்டது எல்லாம் அழுகுது

அவசரப்பட்டு நடறீங்க, அதான். முருங்கைக் கொம்பு மாதிரி வெட்டின கையோட ஈர மண்ணுல சொருகினா பத்துல எட்டு போயிடும்.

பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல நேரம், மழை இல்ல, செடியும் தூங்கி எழுந்திருக்கற சமயம். ஒரு அடிக்கு கொறையாம ஒண்ணரை அடி வரைக்கும் குச்சி எடுங்க, பச்சக் கிளை வேண்டாம், சாம்பல் நெறத்துல முத்தின கிளையா பாருங்க. வெட்டின ஒடனே பால் குபுகுபுன்னு வரும், துணியால தொடச்சிட்டு எல எல்லாத்தயும் கிள்ளிடுங்க, நுனில இருக்கற குட்டித் தளிர் ரெண்ட மட்டும் விடலாம். அப்புறம் அந்தக் குச்சிய வெயிலும் மழையும் படாத எடத்துல, நான் ஷெல்ஃப் மேல பேப்பர் விரிச்சு வெப்பேன், 10 நாள்ல இருந்து 15 நாள் சும்மா போட்டு வெக்கணும். சும்மான்னா சும்மா. தண்ணி தெளிக்கறது, ஈரத்துணி சுத்தறது எதுவும் கூடாது. வெட்டின எடம் மொதல்ல பழுப்பாகும், அப்புறம் காஞ்சு தோல் கட்டி கட்டை மாதிரி ஆயிடும், நகத்தால தட்டினா டொக்குன்னு சத்தம் வரும். குச்சி லேசா சுருங்கி தோல் வத்தின மாதிரி தெரியும், பயப்படாதீங்க, அதுதான் சரியான பக்குவம். எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ இத காஞ்ச சுள்ளின்னு நெனச்சு வெந்நீர் அடுப்புல போட இருந்தாரு.

நடும்போது மூணு நாலு இஞ்ச் ஆழம் போதும், ஆடாம ஒரு கொம்பு வெச்சு கட்டுங்க, வேர் விடற நேரத்துல குச்சி ஆடினா மொளைக்கற பிஞ்சு வேர் அறுந்துடும். நட்ட அன்னிக்கு ஒரு தடவ தண்ணி, அப்புறம் எல வர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒரு டம்ளர், அதுவும் ஓரமா. ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரம் ஆவும் வேர் புடிக்க. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்குது, மூணாவது வாரத்துலயே நுனில எல வரும், சில குச்சில பூக்கொத்தே வரும், ஆஹா புடிச்சிக்கிச்சுன்னு பக்கெட் தண்ணிய கவுத்துடுவோம். அது குச்சிக்குள்ள ஏற்கனவே இருந்த சத்துல வர்றது, கீழ ஒரு வேர் கூட இருக்காது. பூக்கொத்து வந்தா மனச கல்லாக்கிக்கினு கிள்ளிடுங்க. எலைங்க கை நீளத்துக்கு விரிஞ்சி, புதுசு புதுசா வந்துக்கினே இருந்தா அப்பதான் வேர் இருக்குதுன்னு அர்த்தம். புடுங்கி புடுங்கி பாக்கறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

வெதையில இருந்து வளக்கலாமா?

வளக்கலாம், பொறுமை இருந்தா. எப்பவாவது ஆட்டுக் கொம்பு மாதிரி ஜோடியா காய் புடிக்கும், பழுத்து வெடிக்க எட்டு ஒம்போது மாசம் ஆவும், உள்ள றெக்கை வெச்ச வெதை அடுக்கி வெச்சா மாதிரி இருக்கும். ரெண்டு வாரத்துல மொளைக்கும். பூக்க மூணு வருஷம் இல்ல அதுக்கும் மேல, அம்மா செடி கலர் வரும்னு எந்த உத்தரவாதமும் கெடையாது, அதுலதான் சிலருக்கு சுவாரஸ்யமே.

எத்தன நாளைக்கு ஒரு தடவ தண்ணி?

தேதி போட்டு ஊத்தாதீங்க. வெரல ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விட்டு பாருங்க, ஈரம் தட்டினா அன்னிக்கு ஊத்த வேண்டாம். எங்க மாடில 12 இஞ்ச் தொட்டிக்கு கத்திரில ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, ஜூன் ஜூலைல வாரத்துக்கு ரெண்டு தடவ, மழை பேஞ்சா அந்த வாரம் கெடையாது, டிசம்பர்ல எல கொட்டினப்புறம் மாசத்துக்கு ரெண்டு சொம்பு. கேக்கறவங்க இத நம்பறதே இல்ல. பாசத்துல ஊத்தறாங்க, காலைல அவங்க ஒரு சொம்பு, சாயந்திரம் மாமியார் ஒரு சொம்பு, நடுவுல வேலைக்கார அம்மா மாடி கழுவற தண்ணி வேற.

நம்ம போர் தண்ணி பத்தி தனியா சொல்லணும். இங்க பல தெருவுல உப்புத் தண்ணிதான், பக்கெட்ல வெச்சா ஒரு வாரத்துல வெள்ளையா வளையம் கட்டும், அதே வளையம் தொட்டி ஓரத்துலயும் கட்டும், எல ஓரம் கருகி பொரிச்ச அப்பளம் மாதிரி சுருளும். நோய்னு நெனச்சு மருந்து வாங்கிடாதீங்க. ஒரு மழைத்தண்ணி பட்டா சரியாயிடும். வெயில் காலத்துல மாசம் ஒரு தடவ நல்ல தண்ணி நாலஞ்சு சொம்பு ஊத்தி உப்பு கீழ வழியற மாதிரி அலசி விடுங்க, அதுக்கப்புறம் நல்லா காய விடணும்.

டிசம்பர்ல எல எல்லாம் கொட்டிப் போச்சு, செத்துடுச்சா?

தூங்குது. தண்டை அமுத்திப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிர் இருக்குது. மார்ச் மாசம் நுனில பச்சையா காக்கா மூக்கு மாதிரி கூரா ஒண்ணு வரும், அதுவரைக்கும் தண்ணி கொறைச்சு உரம் நிறுத்திடுங்க. ஏலகிரி பக்கம் மேல இருக்கறவங்களுக்கு குளுர் சாஸ்தி, இன்னும் ஒரு மாசம் லேட்டாவும், கவல வேண்டாம்.

மழை காலத்துல இன்னா செய்யறது?

இதுல நான் அடிபட்டிருக்கேன். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடிச்சே, ஊரே பாலத்து மேல நின்னு வேடிக்க பாத்துச்சு, நானும் போய் போட்டோ எடுத்துக்கினு இருந்தேன், மாடில என் தொட்டிங்க பத்து நாளா மழைல நனைஞ்சிக்கினு இருந்தது நெனப்பே இல்ல. வெயில் வந்தப்புறம் மேல போய் பாத்தா ரோஸ் கலர் பூக்கற ஈழத்தலரி மட்டும் ஒரு மாதிரி சாய்ஞ்சிருந்துச்சு. தண்டுல கை வெச்சேன், வெரல் உள்ள போச்சு. கன்னிப்போன வாழப்பழத்த அமுத்தினா மாதிரி, பழுப்பா தண்ணி, ஒரு புளிச்ச நாத்தம்.

அப்பிடி ஆனா ஒடனே செய்ய வேண்டியது, கத்திய டெட்டால்ல தொடச்சிட்டு மேல இருந்து கெட்டியா இருக்கற எடத்துல வெட்டுங்க. வெட்டின முகத்த பாருங்க. நடுவுல பழுப்பா ஒரு வட்டம் தெரிஞ்சா அழுகல் இன்னும் மேல போயிருக்குதுன்னு அர்த்தம். கத்திய திரும்ப தொடச்சிட்டு ரெண்டு இஞ்ச் மேல வெட்டுங்க. எனக்கு மூணாவது வெட்டுலதான் முழு வெள்ளையா, பால் சொட்டற மாதிரி கெடைச்சுது, மூணடி செடில மிச்சம் முக்கா அடி. அத காய வெச்சு, மழை ஓயற வரைக்கும் ஜனவரி வரைக்குமே ஷெல்ஃப்ல போட்டு வெச்சிருந்து அப்புறம் நட்டேன். குச்சி ரெண்டு மாசம் மண்ணு இல்லாம இருந்தாலும் சாகாது, ஈரத்துல ரெண்டு வாரம் இருந்தா செத்துடும். இப்ப அது நாலு கிளை வெச்சிருக்குது.

இப்பல்லாம் அக்டோபர் பாதிலயே தொட்டிங்கள சன்ஷேடுக்குக் கீழ நகத்திடுவேன், முடியாத பெரிய தொட்டிய ஒரு பக்கம் செங்கல் குடுத்து சாய்ச்சு வெச்சிடுவேன், தண்ணி நிக்காம வழிஞ்சிடும். புயல்னு சொன்னா தொட்டியவே படுக்க வெச்சிடுங்க, இதோட கிளை ரொம்ப மெதுவு, காத்துல படக்குனு ஒடையும்.

மூணு வருஷமாச்சு, ஒரு பூ கூட இல்ல

மொதல்ல வெயில் கணக்கு பாருங்க, பாதி பேருக்கு அங்கயே பதில் கெடைச்சிடும். வெயில் இருக்குதுன்னா, அடுத்தது உரம். யூரியா, சாணி எருன்னு தழைச்சத்து சாஸ்தியா போட்டா எல முறம் மாதிரி வரும், பூ வராது. அடுத்தது கத்தரிக்கோல். ஒவ்வொரு வருஷமும் அழகா இருக்கணும்னு நுனிய வெட்டிக்கினே இருந்தா எங்க பூக்கும், பூ நுனிலதான் வரும். ஒரு நுனில பூக்கொத்து வந்து முடிஞ்சா அந்த எடத்துல இருந்து ரெண்டு மூணு கிளை பிரியும், அப்புறம் அந்த கிளை ஒவ்வொண்ணுலயும் பூ. அதனால இந்த மரத்த பாத்தாலே எத்தன தடவ பூத்துருக்குதுன்னு கவைய எண்ணி சுமாரா சொல்லிடலாம். வெதைல வந்த செடின்னா காத்திருக்கறத தவிர வழி இல்ல.

வாங்கியாந்த வருஷம் பூத்து அடுத்த வருஷம் பூக்கலன்னா, எடம் மாறின கோவம், விட்டுடுங்க.

உரம் இன்னா போடறது?

மார்ச்ல தூக்கம் தெளிஞ்சு எல வந்ததும் ரெண்டு கை மண்புழு உரம், ஒரு கை எலும்புத் தூள். அப்புறம் செப்டம்பர் வரைக்கும் மாசத்துக்கு ஒரு கை மண்புழு உரம். மல்லாட்ட புண்ணாக்கு நம்ம ஊர்ல செக்கு செக்கா கெடைக்குது, அத அப்பிடியே மண்ணுல போட்டா எறும்பும் பூஞ்சணமும் வரும், மூணு நாள் ஊற வெச்சு பத்து பங்கு தண்ணி சேத்து தெளிவ மட்டும் ஊத்துங்க, நாத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, ஞாயித்துக்கெழம வேண்டாம். இதுவும் மாசத்துக்கு ஒண்ணுதான், சாஸ்தியானா மேல சொன்ன தழைச்சத்து கதைதான். கடைல பூ நெறய பூக்கும்னு சொல்லி விக்கற பவுடருங்க மேல எனக்கு பெரிய நம்பிக்க இல்ல.

எலைக்கு அடில ஆரஞ்சு பொடி, வெள்ளப் பஞ்சு, இதெல்லாம் இன்னா?

ஆரஞ்சு பொடின்னா துரு நோய், ஒரு பூஞ்சை. மேல மஞ்சப் புள்ளியா தெரியும், எலய திருப்பி வெரலால தொட்டா மஞ்சத்தூள் மாதிரி ஒட்டும். மழை காலத்துல ஈரமும் காத்தோட்டம் இல்லாததும் சேந்தா வரும். ரூப்ராவுக்கு அதிகம் புடிக்கும். பாத்த எலய கிள்ளி கவர்ல கட்டி குப்பைல போடுங்க, தொட்டிலயே போட்டா திரும்ப வரும், எலை மேல தண்ணி அடிக்கறத நிறுத்துங்க. அக்டோபருக்கு மேல வந்தா நான் மருந்தே அடிக்கறதில்ல, எப்பிடியும் கொட்டப் போற எலைதான். ஆகஸ்ட்லயே வந்துட்டா நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து சாயந்திரமா அடிக்கலாம், வெயில் கொளுத்தற நாள்ல அடிச்சா எலயே கருகிடும். வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகாம கந்தகம் அடிக்காதீங்க, ரெண்டும் சேந்தாலும் கருகும்.

வெள்ளப் பஞ்சு மாதிரி கணுவுல ஒட்டிக்கினு இருக்கறது மாவுப்பூச்சி. 2008ல கோயமுத்தூர் பக்கம் மொதல்ல தெரிஞ்சு தமிழ்நாடு பூரா பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தயும் நாசம் பண்ணிச்சே பப்பாளி மாவுப்பூச்சி, அதுக்கு இந்தச் செடியும் புடிக்கும், ரெண்டுக்கும் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம்தான், தேடி வந்துடுச்சு பாருங்க. 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து குட்டிக் குட்டி ஒட்டுண்ணிக் குளவிய கொண்டாந்து விட்டாங்க, அதுங்கதான் அத அடக்கிச்சு, மருந்து இல்ல. அதனால பாத்த ஒடனே கடும் விஷத்த அடிச்சு அந்தக் குளவியயும் கொன்னுடாதீங்க. பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டு தேய்ச்சு எடுங்க, அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு வெயில் தாழ அடிங்க, வாரத்துக்கு ஒண்ணுன்னு மூணு வாரம். தொட்டிக்கு எறும்பு வரிசை போகுதான்னு பாருங்க, அந்தப் பூச்சிய மேய்க்கறதே எறும்புதான்.

எல வெளுத்து, அடில நூலாம்படை மாதிரி இருந்தா செம்பேன், கத்திரில வரும். எலைக்கு அடில தண்ணிய பீச்சி அடிச்சாலே பாதி போயிடும்.

கொழந்தைங்க, நாய் இருக்கற வீட்டுல வெக்கலாமா?

வெக்கலாம், பால் கண்ணுல படக்கூடாது, அதான் முக்கியம். பட்டா நல்லா தண்ணி விட்டு கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க. கையில பட்டா சிலருக்கு தடிக்கும், எனக்கு ஒண்ணும் ஆவாது, எங்க அக்காவுக்கு முழங்கை வரைக்கும் செவந்துடும். வெட்டும்போது கையுறை போடுங்க. புடிகாவுக்கும் இதே கதைதான்.

ராத்திரில ஏன் வாசனை அதிகம்?

ராத்திரி பறக்கற பெரிய அந்துப்பூச்சிங்கள கூப்புடறதுக்கு. இதுல வேடிக்க இன்னான்னா பூவுல தேனே கெடையாது, தேன் இருக்குதுன்னு நம்பி அதுங்க ஒவ்வொரு பூவா மூக்க நீட்டி ஏமாந்து போவுது, போற வழில மகரந்தத்த மாத்தி விட்டுட்டு போவுது. கரண்ட் போன ராத்திரி மாடில பாய் போட்டு படுத்தா தெரியும்.

தரைல வெக்கலாமா, வேர் செவுத்த ஒடைக்குமா?

வேர் அப்பிடி முரட்டு வேர் இல்ல, ஆனா மரம் 15, 20 அடி போவும், கிளை அகலமா விரியும், அதனால செவுத்துல இருந்து ஆறடியாவது தள்ளி வைங்க, கரண்ட் கம்பிக்குக் கீழ வேண்டாம். தண்ணி தேங்கற பள்ளமா இருந்தா ஒரு அடி மேடு கட்டி அதுமேல நடுங்க. ரெண்டு வருஷம் பாத்துக்கினா போதும், அப்புறம் மறந்துடலாம்.

உங்ககிட்ட குச்சி கெடைக்குமா?

கெடைக்கும், பிப்ரவரி கடைசில கவாத்து பண்ணுவேன், அப்ப வாங்க. வெள்ள, மஞ்ச, புடிகா இந்த மூணும் தாராளமா இருக்குது. மழைல அழுகித் தப்பிச்ச அந்த ரோஸ் கலர மட்டும் கேக்காதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் ஆவட்டும். பஸ்ல வரவங்க பழைய நியூஸ்பேப்பரும் ரப்பர் பேண்டும் கொண்ணாங்க, பால் பொடவைல சொட்டினா கறை போகாது, அப்புறம் என்ன சொல்லாதீங்க.